திரும்பிப் போக முடியாத பாறைமேடு: செவ்வாயின் கிம்பர்லியை முப்பரிமாணத்தில் மீண்டும் கட்டிய கதை

2014 ஏப்ரல் தொடக்கத்தில் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர், செவ்வாயின் கேல் பள்ளத்துக்குள் கிம்பர்லி என்று பெயரிடப்பட்ட ஒரு சிறு பாறைப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. சில வாரங்கள் அங்கேயே சுற்றியது. மே 5 அன்று விஞ்சானா என்ற மணற்கல்லைத் துளையிட்டுத் தூள் எடுத்தது. பிறகு ஷார்ப் மலையின் அடிவாரத்தை நோக்கிக் கிளம்பிவிட்டது. அதற்குப் பின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இனித் திரும்பப் போவதுமில்லை.

ஆனால் 2020இல் பிரான்சின் நாந்த் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவெனாயெல் கரவாகா, ஸ்டெஃபான் லெ முவெலிக், நிக்கோலா மாங்கோல்ட் உள்ளிட்ட குழுவினர் அந்த மேட்டை மறுபடியும் கட்டி முடித்திருந்தார்கள். ரோவர் அங்கே எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்தான் மூலப்பொருள். வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கண்ணாடியை மாட்டிக்கொண்டால் உண்மை அளவில் எழுந்து நிற்கும் கிம்பர்லிக்குள் நடக்கலாம், குனிந்து பார்க்கலாம், அளக்கலாம், இன்னொருவரோடு சேர்ந்து நின்று விவாதிக்கலாம்.

நிலவியலாளர் ஒரு பாறை முகத்தை ஒரே முறை பார்த்துவிட்டு முடிவு சொல்வதில்லை. முதல் முறை வரைபடம் போடுவார், வீட்டுக்குப் போய் யோசிப்பார், புதுக் கேள்வியோடு திரும்பி வருவார். பூமியில் இது சாதாரண நடைமுறை. செவ்வாயில் ரோவர் ஓர் இடத்துக்கு ஒரு தடவைதான் போகும். திரும்பி வருவது என்ற அந்த வேலையை முப்பரிமாண மாதிரி எவ்வளவு தூரம் ஈடுசெய்கிறது, எந்த இடத்தில் அது நம்மை ஏமாற்றக்கூடும் என்பதையே இந்தக் கட்டுரை பார்க்கிறது.

ஏன் கிம்பர்லி

கேல் பள்ளத்தின் விட்டம் 154 கி.மீ. அதன் நடுவே ஏறத்தாழ 5.5 கி.மீ. உயரத்துக்கு ஷார்ப் மலை நிற்கிறது. 2012 ஆகஸ்டில் பள்ளத்தின் தரையில் இறங்கிய கியூரியாசிட்டிக்கு அந்த மலையின் அடுக்குகளே இலக்கு. போகிற வழியில் எங்கெங்கே நிற்பது என்பதை மேலிருந்து எடுத்த படங்களை வைத்துத்தான் தீர்மானித்தார்கள். செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் கலத்தில் உள்ள ஹைரைஸ் கேமரா, தரையில் 25 முதல் 30 செ.மீ. அகலத்தை ஒரு பிக்சலாகக் காட்டும். அந்தப் படங்களில் கிம்பர்லி தனித்துத் தெரிந்தது. தோற்றத்தில் வேறுபட்ட நான்கு வகைப் பாறைகள் அருகருகே சந்திக்கும் இடம் அது. ஒரு பகுதியில் சீப்பால் இழுத்தாற்போல இணைகோடுகள் ஓடின. அங்கே செய்ய வேண்டிய அறிவியல் வேலையைத் திட்டமிட்டவர் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெலிசா ரைஸ்.

தரையில் போய்ப் பார்த்தபோது அந்தக் கோடுகள் சாய்ந்த மணற்கல் அடுக்குகளின் விளிம்புகள் என்று தெரிந்தது. பக்கத்தில் மவுண்ட் ரிமார்க்கபிள் என்று பெயரிட்ட, ஐந்து மீட்டர் உயரமுள்ள சிறு குன்று. அதன் அடியில்தான் விஞ்சானா. துளை 1.6 செ.மீ. அகலம், 6.5 செ.மீ. ஆழம். அந்தத் தூளில் பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார், மேக்னடைட் ஆகிய கனிமங்கள் கணிசமாக இருந்தன. வேதியியல் தனிக் கதை. இங்கே நமக்கு வேண்டியது அந்த அடுக்குகளின் சாய்வு.

எந்தப் பக்கம் சாய்கிறது?

கிம்பர்லியின் அடுக்குகள் தெற்கே, அதாவது ஷார்ப் மலையின் அடிவாரம் இருக்கும் பக்கம் இறங்குகின்றன. ஆறு ஒன்று தேங்கிய நீரில் கலக்கும் இடத்தில், அது சுமந்து வரும் மணல் முகத்துவாரத்தின் முன்சரிவில் வழிந்து படியும். அடுத்த வெள்ளம் அதன் மேல் இன்னொரு சரிவைப் போடும். இப்படி உண்டாகும் சாய்வடுக்குகள், நீர் எந்தத் திசையில் ஓடியது என்பதைக் கல்லிலேயே பதித்து வைக்கின்றன. கிம்பர்லியின் சாய்வைச் சரியாகப் படித்தால், பள்ளத்தின் வடக்கு விளிம்பிலிருந்து நீர் தெற்கே, இன்று மலை நிற்கும் பக்கமாக ஓடியிருக்கிறது.

ஐந்து கி.மீ. உயர மலையை நோக்கி நீர் ஓடாது. ஆகவே அந்தக் காலத்தில் அங்கே மலை இருந்திருக்க முடியாது, தாழ்ந்த படுகைதான் இருந்திருக்க வேண்டும். ஏரி நிரம்பி, வண்டல் படிந்து, பின்னர் காற்று சுற்றிலும் அரித்துத் தின்ற மிச்சமே இன்றைய மலையின் கீழ்ப்பகுதி. இந்த விளக்கத்தை, அப்போது கியூரியாசிட்டியின் தலைமை விஞ்ஞானியாக இருந்த ஜான் குரோட்ஸிங்கரும் குழுவினரும் 2014 டிசம்பரில் பொதுவில் முன்வைத்தார்கள். 2015 அக்டோபரில் சயின்ஸ் இதழில் விரிவாக வெளியிட்டார்கள். இவ்வளவு பெரிய வாதத்தின் ஒரு தூண், சில மீட்டர் உயரமுள்ள பாறைகளின் சாய்வுக் கோணம்.

சாய்வுக் கோணத்தைத் தட்டையான படத்திலிருந்து நம்பிப் படிக்க முடியாது. நம்மை நோக்கிச் சாயும் அடுக்கும், நம்மைவிட்டு விலகிச் சாயும் அடுக்கும், கேமராவின் கண் உயரத்தில் ஒரே கிடைக்கோடாகத் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் முழுச் சாய்வும் புலப்படும். இடைப்பட்ட கோணங்களில் தெரிவது உண்மையைவிடக் குறைந்த சாய்வு. பூமியில் நாலு பக்கமும் நடந்து பார்த்து, சாய்வுமானியைக் கல்லின் மேல் வைத்து இந்தச் சிக்கலைத் தீர்ப்போம். ரோவரோ தான் நிற்கும் இடத்திலிருந்து மட்டுமே பார்க்கிறது. அதன் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நாள் திட்டம் வேண்டும். பூமியிலிருந்து கட்டளை போய்ச்சேரவே கோள்களின் நிலையைப் பொறுத்து மூன்று நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகும்.

முப்பரிமாண மாதிரியின் அறிவியல் மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. செவ்வாயில் நிற்பது போன்ற அனுபவம் அழகானது; பொதுமக்களுக்கு அதைக் கொடுப்பதும் நல்ல காரியம். ஆனால் ஆய்வாளருக்கு அந்தக் கருவி தருவது வேறொன்று. ரோவர் நிற்காத இடத்தில் தான் நிற்கும் உரிமை அது.

தூரத்தைக் கண் எப்படி இழக்கிறது

1971 பிப்ரவரியில் அப்போலோ 14 பயணத்தில் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்சலும் நிலவில் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேட்டில் ஏறினார்கள். விளிம்பை எட்டிப்பார்க்காமலே திரும்ப நேர்ந்தது. விளிம்பிலிருந்து அவர்கள் ஏறத்தாழ 30 மீட்டர் தூரத்தில்தான் இருந்தார்கள் என்பது பின்னாளில் சுற்றுகலப் படங்களில் தெரிந்தது. பயிற்சி பெற்ற இருவர், சொந்தக் கண்ணோடு, கையில் வரைபடத்தோடு போயும் இதுதான் நிலை. மரமில்லை, வீடில்லை, ஆளில்லை. தூரத்துப் பொருளை மங்கவைக்கும் காற்றும் அங்கே இல்லை. கண் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் எல்லாக் கொழுகொம்பும் போய்விடுகிறது. செவ்வாயில் மெல்லிய காற்றும் தூசியும் உண்டு, ஆனாலும் அளவு தெரிந்த பொருள் எதுவும் இல்லை. முழங்கால் உயரக் கல்லா, வீட்டளவு பாறையா என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் சொல்வது கடினம்.

ஆகவே தூரத்தைக் கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவது தெரியும். அருகிலுள்ளது அதிகம் மாறும், தொலைவிலுள்ளது குறைவாக மாறும். கியூரியாசிட்டியின் கம்பத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் உள்ள நேவ்கேம் (வழி பார்க்கும் கேமரா) இணைக்கு நடுவே இடைவெளி 42 செ.மீ. இரு படங்களிலும் ஒரே கல்முனையைக் கண்டுபிடித்து, அது எத்தனை பிக்சல் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும்.

இதில் ஒரு கடுமையான விதி ஒளிந்திருக்கிறது. பிழை தூரத்தின் வர்க்கமாக வளர்கிறது. நேவ்கேமின் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.82 மில்லிரேடியன் கோணம், அதாவது 10 மீட்டர் தூரத்தில் 8 மி.மீ. அகலம். பொருத்தத்தில் ஒரே ஒரு பிக்சல் தவறினால் 5 மீட்டர் தூரத்தில் பிழை 5 செ.மீ.; 10 மீட்டரில் 20 செ.மீ.; 50 மீட்டரில் கிட்டத்தட்ட 5 மீட்டர்; 100 மீட்டரிலோ 20 மீட்டரைத் தொடுகிறது. நல்ல மென்பொருள் பிக்சலின் ஒரு பின்னம் வரை துல்லியமாகப் பொருத்தும், அதனால் நடைமுறைப் பிழை இதைவிடக் குறைவு. ஆனாலும் விதி மாறாது. காலடியில் உள்ள கல் நம்பகமானது, தூரத்துக் குன்று ஊகத்துக்கு நெருக்கமானது. வி.ஆர். கண்ணாடிக்குள் இரண்டும் ஒரே தெளிவோடு தெரியும் என்பதுதான் ஆபத்து.

இன்னொரு நுட்பமும் உண்டு. மனிதக் கண்களுக்கு நடுவே ஏறத்தாழ 6.5 செ.மீ. நேவ்கேமுக்கு அதைப் போல ஆறரை மடங்கு. அந்த இரு படங்களையும் நேரே இரு கண்களுக்குக் காட்டினால் ஆழம் மிகைப்படும், மலை பொம்மையாகச் சுருங்கிவிடும். சிவப்பு-நீலக் கண்ணாடிப் படங்களில் செவ்வாய் கையில் அடங்குவது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். மெய்நிகர் உலகம் வேறு வழியில் போகிறது. முதலில் படங்களிலிருந்து நிலப்பரப்பின் வடிவத்தைக் கட்டி, பிறகு அந்த வடிவத்தைப் பார்ப்பவரின் சொந்தக் கண் இடைவெளியில், சொந்த உயரத்தில் புதிதாக வரைந்து காட்டுகிறது. ஐந்து மீட்டர் குன்று ஐந்து மீட்டராகவே நிற்கிறது. தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருப்பதே ஓர் அளவீடாகிவிடுகிறது.

இரட்டைக் கேமரா வழி நமக்கும் அந்நியமில்லை. சந்திரயான் 3இன் பிரக்யான் ரோவர் நேவ்கேம் இணையோடுதான் நிலவில் உருண்டது. 2023 ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் விட்டமுள்ள குழி ஒன்று தெரிந்ததும் பாதையை மாற்றித் திருப்பினார்கள். விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தப் பயணத்தில் லேண்டரை ரோவர் எடுத்த சிவப்பு-நீல முப்பரிமாணப் படத்தை இஸ்ரோ செப்டம்பர் 5 அன்று வெளியிட்டது.

முன்னோடிகள்

செவ்வாயில் இரட்டைக் கண் பார்வை 1976இலேயே தொடங்கிவிட்டது. வைக்கிங் லேண்டர்களில் 80 செ.மீ. இடைவெளியில் இரு கேமராக்கள் இருந்தன. மண் அள்ளும் கை எங்கே இறங்க வேண்டும் என்பதை அவற்றின் படங்களை வைத்தே முடிவு செய்தார்கள்.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயின் ஏரஸ் வாலிஸ் பகுதியில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம்தான் உண்மையான திருப்பம். அதன் கேமராவில் இரு கண்கள், நடுவே 15 செ.மீ., கண்ணுக்கு வெறும் 256 × 256 பிக்சல். இன்றைய கைப்பேசிப் படத்தின் முன்னால் அது ஒன்றுமேயில்லை. இருந்தும் நாசா ஏம்ஸ் மையத்தில் கரோல் ஸ்டோக்கரின் குழு அந்தப் படங்களிலிருந்து மார்ஸ்மேப் என்ற மெய்நிகர் நிலப்பரப்பைப் பயணம் நடந்துகொண்டிருக்கும்போதே கட்டியது. விஞ்ஞானிகள் அதற்குள் போய்ப் பாறைகளின் அளவையும் தூரத்தையும் எடுத்தார்கள். 10.5 கிலோ எடையுள்ள சோஜர்னர் ரோவரை ஓட்டிய பிரையன் கூப்பர், முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து, திரையில் ஒரு மாதிரி ரோவரைக் கற்களுக்கு நடுவே வைத்துப் பார்த்து, போக வேண்டிய புள்ளிகளைக் குறித்தார். இரண்டு வேலைகளும் அன்றே பிரிந்துவிட்டன: ஓட்டுபவருக்கு ஒரு கருவி, யோசிப்பவருக்கு வேறொன்று. இன்றுவரை அப்படித்தான்.

ஓட்டுபவர்களின் கருவிக்கு 2020இல் ஒரு சோதனை வந்தது. பெருந்தொற்றால், ரோவரை இயக்கும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் மூடப்பட, மார்ச் 20 முதல் கியூரியாசிட்டி குழு முழுவதும் வீட்டிலிருந்தே ரோவரை இயக்கியது. வழக்கமாக அவர்கள் பயன்படுத்தும் கண்ணாடி, இடது படத்தையும் வலது படத்தையும் வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும். அதற்கு வலுவான கிராஃபிக்ஸ் கார்டுள்ள கணினி வேண்டும், வீட்டு மடிக்கணினியில் ஓடாது. ஆகவே சாதாரண சிவப்பு-நீலக் கண்ணாடிக்கு மாறினார்கள். அதை வைத்தே எடின்பரோ என்ற பாறையைத் துளையிடும் கட்டளைகளையும் அனுப்பினார்கள், ரோவரும் செய்து முடித்தது. விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை. தேவைப்பட்டது ஆழம் தெரியும் இரு படங்களும், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆளும்.

கிம்பர்லியைக் கட்டியது

நாந்த் குழு கையாண்ட முறை போட்டோகிராமெட்ரி. நேவ்கேம் இணையின் 42 செ.மீ. இடைவெளியோடு அது நின்றுவிடுவதில்லை. ரோவர் இங்கே நின்று எடுத்த படம், பிறகு சில மீட்டர் நகர்ந்து எடுத்த படம், இன்னொரு நாள் மறுபக்கத்திலிருந்து எடுத்த படம் என எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பொதுவான புள்ளிகளைத் தேடி, கேமரா எங்கெங்கே நின்றிருக்கும் என்பதையும் பாறையின் வடிவத்தையும் ஒரே சமயத்தில் கணக்கிடுகிறது. பலன் பெரியது. இடைவெளி 42 செ.மீ.க்குப் பதில் 5 மீட்டர் என்றால், 50 மீட்டர் தூரத்தில் முன்பு 5 மீட்டராக இருந்த ஒரு பிக்சல் பிழை 40 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். செவ்வாயில் முன்பு இயங்கிய ஆப்பர்சூனிட்டி ரோவர் அங்குள்ள விக்டோரியா பள்ளத்தின் செங்குத்து முகங்களைப் படமெடுத்தபோதும் இடம் மாறி நின்று எடுக்கும் இதே உத்தியைத்தான் பயன்படுத்தினார்கள்.

கிம்பர்லிக்குப் பல கேமராக்களின் படங்கள் உதவின. அகலமாகப் பார்க்கும் நேவ்கேம், நுணுக்கமாகப் பார்க்கும் மாஸ்ட்கேம், கையின் முனையில் இருந்து மணல் துகளையே காட்டக்கூடிய மாலி. ஒரே மாதிரிக்குள் குன்றின் உருவமும் துளையின் விளிம்பும் சேர்ந்து நிற்க முடிந்தது இதனால்தான். நிலவியல் பார்வையில் இந்த அளவு மாற்றம் மிக முக்கியம். தூரத்தில் நின்று அடுக்கின் போக்கைப் பார்ப்பதும், நெருங்கிப் போய்த் துகளின் பருமனைப் பார்ப்பதும் ஒரே வாதத்தின் இரண்டு கால்கள்.

சிக்கல்களும் கேமராக்களிலிருந்தே வந்தன. மாஸ்ட்கேமின் இரு கண்களும் ஒன்று போலில்லை. இடது கண் 34 மி.மீ. குவியத்தூரம், வலது கண் 100 மி.மீ. ஒன்று மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும்போது இரண்டையும் பொருத்துவது சிரமம். முதலில் இரு கண்களுக்கும் ஒரே மாதிரி ஜூம் லென்ஸ் வைக்கத்தான் திட்டமிருந்தது. சோதித்துப் பார்க்கப் போதிய அவகாசமில்லை என்று 2011இல் அதைக் கைவிட்டார்கள். பத்தாண்டு கழித்து, 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசீரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சவரன்ஸ் ரோவரின் மாஸ்ட்கேம்-இசட் கேமராவில்தான் அந்த ஜூம் இணை செவ்வாய்க்குப் போனது.

நிறம் அடுத்த தொல்லை. கியூரியாசிட்டியின் நேவ்கேம் கறுப்பு வெள்ளை, மாஸ்ட்கேம் நிறப்படம். நிழல்களும் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். காலையில் எடுத்த படத்தில் மேற்கே விழுந்த நிழலும், மாலையில் எடுத்ததில் கிழக்கே விழுந்த நிழலும் ஒரே பாறையின் தோலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாதிரிக்குள் நடப்பவர் ஒரு கறுப்புக் கீற்றைப் பார்த்து அடுக்கு மாறுகிறது என்று நினைக்கலாம், அது நிழலாக இருக்கலாம். சந்தேகம் வந்த இடத்தில் மூலப்படத்தை எடுத்து, எந்த நாள் எந்த நேரம் என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தினசரி வேலைக்குள் வந்தபோது

கிம்பர்லி மாதிரி, நடந்து முடிந்த இடத்துக்குத் திரும்பிப் போகும் முயற்சி. ரோவர் இன்று நிற்கும் இடத்துக்குள் விஞ்ஞானிகளை அனுப்பும் முயற்சியும் இணையாக நடந்தது. ஜேபிஎல்லில் ஜெஃப் நோரிஸ் தலைமையிலான குழு மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து உருவாக்கிய ஆன்சைட் மென்பொருள் 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ரோவரின் இரட்டைப் படங்களையும் ஹைரைஸ் தந்த நிலப்பரப்பையும் இணைத்து, ஹோலோலென்ஸ் கண்ணாடி வழியே அறைக்குள் செவ்வாயை விரித்தது அது. ஹோலோலென்ஸ் எதிரிலுள்ள அறையையும் காட்டும் கண்ணாடி என்பதால், மேசைக் கணினியை மறைக்காமல் அதைச் சுற்றிலும் கேல் பள்ளம் விரியும்படி அமைத்தார்கள். வழக்கமான கருவிகளைக் கைவிடாமலே விஞ்ஞானி திரும்பி நின்று பாறையைப் பார்க்கலாம்.

அதன் பெரிய பலன் கூட்டங்களில் தெரிந்தது. கியூரியாசிட்டி விஞ்ஞானிகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். தொலைபேசிக் கூட்டத்தில் இடது பக்கம் மூன்றாவது கல் என்று சொன்னால் ஒவ்வொருவர் மனத்திலும் வேறு வேறு கல். ஆன்சைட்டில் ஒவ்வொருவரும் ஓர் உருவமாக அதே நிலத்தில் நிற்பார்கள். யார் எதைப் பார்க்கிறார், எதைச் சுட்டுகிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். களத்தில் நிலவியலாளர்கள் பாதிச் சண்டையை விரல் நீட்டித்தான் தீர்ப்பார்கள். அந்த விரலைத் திருப்பிக் கொடுத்ததே இந்தக் கருவியின் சாதனை. 2018இல் நாசாவின் அந்த ஆண்டுக்கான மென்பொருள் விருது ஆன்சைட்டுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, அதன் நிலப்பரப்பை வைத்து ஆக்சஸ் மார்ஸ் என்ற இணையப் பதிப்பை கூகுளோடு சேர்ந்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

குறைகளும் சின்னவை அல்ல. முதல் ஹோலோலென்ஸின் காட்சிப் பரப்பு மிகக் குறுகியது, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போலத்தான். மைக்ரோசாஃப்ட் 2024இல் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பையும் நிறுத்திவிட்டது. பல பத்தாண்டுகள் நீளும் கோள் ஆய்வை, சில ஆண்டே ஆயுள் உள்ள நுகர்பொருள் கருவியின் மேல் கட்டுவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. மென்பொருள் எந்தக் கண்ணாடியிலும், கண்ணாடியே இல்லாமல் சாதாரணத் திரையிலும் ஓட வேண்டும். வியன்னாவின் விஆர்விஸ் நிறுவனம், கிராஸ் நகரின் யோவானியம் ஆய்வு நிறுவனம் போன்றவற்றின் கூட்டுழைப்பில் வளர்ந்த ப்ரோ3டி என்ற மென்பொருள் அந்த வழியில் போகிறது. சாதாரணக் கணினியில் ஓடும் அதற்குள் பாறையின் மேல் அடுக்கின் கோட்டை வரைந்தால், அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் தளத்தைக் கணக்கிட்டுச் சாய்வையும் திசையையும் சொல்லிவிடும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராபர்ட் பார்ன்ஸ், சஞ்சீவ் குப்தா முதலியோர் 2018இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறையைக் கியூரியாசிட்டி, ஆப்பர்சூனிட்டி பார்த்த பாறை முகங்களில் சோதித்துக் காட்டியது.

எங்கே நம்பக் கூடாது

அந்தத் தளப் பொருத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. பாறை முகம் சுவர் போலத் தட்டையாக இருந்தால், அடுக்கின் கோடு அதன் மேல் நேர்கோடாக ஓடும். நேர்கோட்டின் வழியே எத்தனை தளங்களை வேண்டுமானாலும் செலுத்தலாம். மென்பொருள் கூசாமல் ஒரு எண்ணைத் தரும், அது அர்த்தமற்ற எண். பாறை மூலையில் திரும்பி அடுக்கு இரு முகங்களிலும் தெரியும் இடத்தில்தான் சாய்வு உறுதியாகும். மெய்நிகர் நடை இங்கே உண்மையாகவே கைகொடுக்கிறது. சுற்றி வந்து, எந்த மூலை அளக்கத் தகுந்தது என்று பார்த்த பிறகு கோட்டை வரையலாம். கிம்பர்லியில் அடுக்குகள் படிப்படியாக அரிந்து பல முகங்களைக் காட்டுவது பெரிய அதிர்ஷ்டம்.

இன்னொன்று, எந்தக் கேமராவும் பார்க்காத இடங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ரோவர் பார்க்காத ஒரு பகுதி இருக்கும். மாதிரியைக் கட்டும் மென்பொருளுக்கு இரண்டு வழிகள் உண்டு: ஓட்டையாக விடலாம், அல்லது சுற்றியுள்ள வடிவத்தை நீட்டி மூடிவிடலாம். மூடினால் பார்க்க அழகு, நடக்கச் சுகம். ஆனால் அங்கே நிற்பது செவ்வாய் அல்ல, கணக்கு. ரோவர் பார்த்த பரப்பு முடிந்து ஹைரைஸ் பரப்பு தொடங்கும் எல்லையிலும் இதே சிக்கல். ஒரு பக்கம் செ.மீ. அளவு விவரம், மறுபக்கம் ஹைரைஸ் இணைப்படங்களிலிருந்து கிடைக்கும் ஒரு மீட்டர் இடைவெளி நிலப்பரப்பு. தையலை மறைத்துவிட்டால் புதிதாக வருபவருக்கு இரண்டும் ஒன்றே.

பொதுக் காட்சிக்கு வைக்கும் பதிப்பில் ஓட்டைகளை மூடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆய்வுக்கான பதிப்பில் மூடவே கூடாது. ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு பரப்பும் எத்தனை படங்களிலிருந்து வந்தது, பிழை எவ்வளவு என்பது நிறத்தில் தெரியட்டும். சாய்வுக் கோணத்தைச் சொல்லும் ஒவ்வொரு எண்ணோடும் அதன் பிழை எல்லை ஒட்டிக்கொண்டு வரட்டும். கிம்பர்லியின் சாய்வு ஒரு மலை பிறந்த வரிசையையே தீர்மானிக்கும் சான்று. அந்தச் சான்றை நாளைக்கு ஒருவர் மறுபரிசீலனை செய்ய வந்தால், எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அப்படிப் பரிசோதிக்க யாருக்கும் தடையில்லை. கியூரியாசிட்டியின் மூலப்படங்கள் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. போட்டோகிராமெட்ரி மென்பொருள்களிலும் இலவசமானவை உண்டு. புவியியலோ கணினியியலோ படிக்கும் மாணவர் 2014 ஏப்ரல், மே மாதக் கிம்பர்லிப் படங்களை எடுத்துத் தம் அறையிலேயே அந்தக் குன்றைக் கட்டிப் பார்க்கலாம். முதலில் நேவ்கேம் படங்களை மட்டும் போடுவது நல்லது. ஒரே கேமரா வகை என்பதால் பொருத்தம் எளிது, குன்றின் பொது உருவம் விரைவில் நிற்கும். பிறகு மாஸ்ட்கேம் படங்களைச் சேர்க்கலாம். சில படங்களைச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, கட்டி முடித்த மாதிரி அந்தப் படங்களில் தெரிவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். அளவு சரியா என்று சரிபார்க்க ரோவரே ஒரு கோலை விட்டுச் சென்றிருக்கிறது. அதன் சக்கரம் 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. விட்டம். மாதிரியில் மணலின் மேல் ஓடும் தடத்தின் அகலத்தை அளந்து 40 செ.மீ. வருகிறதா என்று பார்த்த பிறகு அடுக்கின் சாய்வை அளக்கத் தொடங்கலாம்.